ஒரே நாளிலா, படிப்படியாகவா?

நிறுவனத்தில் பெரிய மாற்றம் வருகிறது என்றாலே இரண்டு கட்சி உண்டாகிவிடும். "ஒரே நாளில் மாத்திடலாம், வலி ஒரு தடவையோட போகும்" என்பது ஒன்று. "மெல்லப் போகலாம், எல்லாரும் பழகட்டும்" என்பது இன்னொன்று. முதல் கட்சிக்குத் துணிச்சல்காரர்கள் என்றும், இரண்டாவதற்குப் பயந்தாங்கொள்ளிகள் என்றும் பெயர். நான் முதலில் கேட்பது வேறு: பழையதும் புதியதும் கொஞ்ச நாள் சேர்ந்து ஓட முடியுமா?

முடியாத இடம் உண்டு. சுவீடன் 1967 செப்டம்பர் 3 அன்று சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. இதில் "முதலில் லாரிகள் மட்டும் மாறட்டும்" என்று சொல்ல வழியில்லை. அதிகாலை 4.50-க்கு வண்டிகள் நின்றன, மெதுவாகப் பக்கம் மாறின, 5 மணிக்குக் கிளம்பின. பார்ப்பதற்குப் பத்து நிமிட வேலை. ஆனால் 1955 வாக்கெடுப்பில் 83 சதவீதம் பேர் வேண்டாம் என்றிருந்தார்கள். 1963-ல் நாடாளுமன்றம் முடிவெடுத்த பிறகு நாலு வருடம் பலகை மாற்றுவது, சந்திப்புகளைத் திருத்துவது, பால் பாக்கெட் வரை இந்த மாற்றத்துக்கான சின்னத்தை அச்சடித்துச் சொல்லிக்கொண்டே இருப்பது என்று போனது. ஒரே நாள் வழியைப் புகழ்கிறவர்கள் இந்த நாலு வருடத்தைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

மறந்தால் என்ன ஆகும்? பிரிட்டனின் டிஎஸ்பி (TSB) வங்கி 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் வாடிக்கையாளர் கணக்குகளைப் புது கணினி அமைப்புக்கு மாற்றியது. சுமார் 19 லட்சம் பேர் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். செப்டம்பரில் தலைமை நிர்வாகி விலகினார். 2022-ல் 4.865 கோடி பவுண்டு அபராதம். கணக்குகளைத் தொகுதி தொகுதியாக நகர்த்தியிருக்கலாம். கூடுதல் செலவு, கூடுதல் தலைவலிதான். ஆனால் தப்பு நடந்தால் முதல் தொகுதியோடு நின்றிருக்கும்.

சரி, அப்படியானால் படிப்படியாகப் போவதே மேல் என்று நினைக்க வேண்டாம். அதற்கும் ஒரு நோய் உண்டு, பழையது சாகாது. நான் வேலை பார்த்த ஒரு அலுவலகத்தில் சரக்குக் கணக்குக்குப் புது மென்பொருள் வந்தது. "மூணு மாசம் ரெண்டும் ஓடட்டும்" என்றார்கள். ஒன்றரை வருடம் ஓடியது. எல்லாரும் எக்செல்லில் போட்டுவிட்டு, சாயங்காலம் ஒருவர் உட்கார்ந்து அதையே மென்பொருளில் ஏற்றுவார். இரண்டும் ஒத்துப்போகாத நாளில் எதை நம்புவது என்று அரை மணி நேரம் சண்டை நடக்கும்.

ஊழியர்கள் மாற மறுக்கிறார்கள் என்று மேலே புகார் போனது. ஆனால் திங்கள்கிழமைக் கூட்டத்தில் மேலாளர் கேட்டது என்னவோ பழைய எக்செல் தாளைத்தான். அவர் கேட்பதைத்தானே மற்றவர்கள் தயார் செய்வார்கள்?

அப்புறம் வந்த மேலாளர் பயிற்சி வகுப்பு எதுவும் வைக்கவில்லை. ஒன்றாம் தேதியிலிருந்து கூட்டத்தில் மென்பொருளின் திரையை மட்டும் போட்டுப் பார்த்தார். முதல் வாரம் பாதிக் கட்டங்கள் காலி. அவர் கோபப்படாமல், "இது ஏன் காலியா இருக்கு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இரண்டு கட்டங்களைப் பூர்த்தி செய்ய மென்பொருளிலேயே வழியில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. ஒன்றரை வருடமாக அதை யாரும் சொல்லவில்லை; எக்செல் இருந்ததால் சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை.