துணையின் அஸ்தியை நண்பர்களோடு கரைக்க எந்த இடம்? ராமேஸ்வரம், பவானி, சென்னைக் கடல்: ஓர் அலசல்

அஸ்தியை எங்கே கரைப்பது என்று வீட்டில் பேச்சு வந்தால் எல்லோரும் புண்ணியக் கணக்குத்தான் பார்க்கிறார்கள், கூட வருகிறவர்களை யாரும் யோசிப்பதில்லை. என் கணவருக்குச் சொந்தத்தைவிட சிநேகிதர்கள் அதிகம், அதில் பாய் உண்டு, கிறிஸ்தவர் உண்டு, முழங்கால் வலியோடு நடக்கிறவர்களும் உண்டு. அவர்கள் எல்லோரும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அதனால் ஒவ்வொரு இடத்தையும் அப்படித்தான் எடைபோட்டேன்.

ராமேஸ்வரத்துக்கு ஈடான பெயர் வேறு எந்த இடத்துக்கும் கிடையாது. அக்னி தீர்த்தத்தில் கடல் பெரும்பாலும் குளம் மாதிரி அமைதியாக இருக்கும், வயதானவர்கள்கூட பயமில்லாமல் இறங்கலாம். ஆனால் கடலோடு வேலை முடிவதில்லை. அப்புறம் கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராட வேண்டும், பிறகு தரிசனம். வேற்று மத நண்பர்கள் அந்த இடத்தில் வெளியே நின்றுவிடுவார்கள். சென்னைக்காரர்களுக்கு ஓர் இரவுப் பயணம் வேறு. ஆடி, தை, மகாளய அமாவாசை நாட்களில் போனால் கூட்டத்தில் ஒருவரையொருவர் கண்டுபிடிப்பதே பாடு.

சென்னைக் கடல் எல்லோருக்கும் பக்கம், அதுதான் அதன் ஒரே பலம். பெசன்ட் நகரிலோ மெரினாவிலோ அலை முழங்காலிலேயே ஆளைத் தள்ளும், போட்டதைத் திருப்பிக் கரைக்கே கொண்டுவரும். பகல் ஏற ஏறக் கடல்காற்று கரையை நோக்கி வீசும், கையால் தூவினால் சாம்பல் முகத்தில்தான் விழும். கடலில்தான் என்று முடிவானால் விடியற்காலையில் போங்கள், அப்போது பெரும்பாலும் காற்று நிலத்திலிருந்து கடல் பக்கம் போகும். கலசத்தைத் தண்ணீரோடு ஒட்டிப் பிடித்துக் கவிழ்க்க வேண்டும். படகில் போகலாமே என்பார்கள், சின்னப் படகில் நாலைந்து பேர்தான் ஏற முடியும், மற்றவர்கள் கரையில் நின்று பார்ப்பதற்கா வந்தார்கள்?

நான் தேர்ந்தெடுத்தது பவானி கூடுதுறை. காவிரியும் பவானியும் கூடுகிற இடம், கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் சேர்வதாக ஐதீகம். படித்துறை இருப்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. தண்ணீரில் இறங்க முடிந்தவர்கள் இறங்கலாம், முடியாதவர்கள் மேல்படியில் நின்றாலும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்கள். ஈரோட்டுக்குப் பக்கம் என்பதால் கோவை, சேலம் நண்பர்கள் காலையில் கிளம்பி வந்துவிடலாம். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்திலும் இதே வசதி உண்டு, ஆனால் கோடையில் காவிரி மணலாகக் கிடக்கும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறப்பார்கள், வரத்தில்லாத வருஷம் அதுவும் தள்ளிப்போகும். எனவே விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

மரம் நடலாம் என்று இளையவர்கள் சொல்கிறார்கள். சாம்பலில் உப்பும் காரத்தன்மையும் அதிகம், மொத்தமாகக் குழியில் கொட்டினால் கன்று பிழைக்காது, நிறைய மண்ணோடு கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். நிலம் நாளைக்குக் கைமாறினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

அஸ்தியைப் பிரித்து இரண்டு இடத்தில் கரைப்பது தப்பு என்று சிலர் பயமுறுத்துவார்கள். ஒரு கைப்பிடியை அலகாபாத்தில் கங்கையில் விடுங்கள், பெரும்பகுதியை விமானத்திலிருந்து வயல்களின் மேல் தூவுங்கள் என்று நேரு 1954-லேயே உயில் எழுதினார், 1964-ல் அப்படியே செய்தார்கள். காந்தியின் அஸ்தி பல ஊர்களுக்குப் போனது, கன்னியாகுமரிக்கும் வந்தது. அதனால் மாமியாரின் ஆசைக்காக ஒரு சிறு கலசத்தை ராமேஸ்வரத்துக்கு அனுப்பினோம், மிச்சம் பவானிக்கு.

எந்த இடமானாலும் சாஸ்திரிகளிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மகன்தான் கரைக்க வேண்டும், மனைவி பின்னால் நிற்கட்டும் என்று அங்கே போன பிறகு ஆரம்பித்தால் சண்டைதான் மிஞ்சும். நானும் மகனும் சேர்ந்து கரைப்போம், பிறகு நண்பர்கள் ஒவ்வொருவரும் பூப்போடுவார்கள் என்று தொலைபேசியிலேயே சொன்னேன், தட்சணையையும் அப்போதே பேசி முடித்தேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை.