முட்டி வலிக்கு நீ-கேப்: ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டுக்குத் தாங்குமா?

மதுரை ரேஸ்கோர்ஸ் பக்கம் வாரம் ஒருநாள் டென்னிஸ் பந்து ஆடுபவர்களுக்கு, மெடிக்கலில் கிடைக்கும் துணி எலாஸ்டிக் நீ-கேப் போதும். நியோபிரீன் (ரப்பர் மாதிரி கெட்டியான துணி) வேண்டாம், மதுரை வெயிலுக்கு வியர்வை தேங்கி அரிக்கும். நின்றபடி இன்ச் டேப்பால் சுற்றளவு எடுங்கள். முட்டி நடுவிலா, தொடையிலா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அட்டையைப் பாருங்கள். 'இறுக்கமா இருந்தாத்தான் பிடிக்கும்' என்று ஒரு சைஸ் குறைத்து வாங்குவதுதான் வழக்கமான தப்பு: விளிம்பு சுருண்டு அழுத்தும், பாதம் மரத்துப்போகும். ஆட்டம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள், ராத்திரி ஐ.பி.எல். முடியும்வரை மாட்டிக்கொண்டு உட்காரக் கூடாது. (கடைசி ஓவர் படபடப்புக்கு இதில் மருந்தில்லை. தோற்ற இரவுகளில் தூக்கமே போகிறதென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416; இலவசம், தமிழிலேயே பேசலாம்.) பிழியாமல் அலசி நிழலில் காயப்போடவும். முட்டி பக்கவாட்டில் நழுவினால் இது உதவாது, எலும்பு டாக்டரிடம் காட்டணும்.