4 டிபின்னு நம்பி வாங்கின டப்பா: பேக்கப் எடுக்கப் போறவங்க இதைப் படிச்சுட்டுப் போங்க

ஆன்லைன்ல போலி டிரைவ் வாங்கி ஏமாந்துட்டேன். "எவ்வளவு போச்சு?"ன்னுதான் நேத்துல இருந்து எல்லாரும் கேக்கறாங்க. அதனால முதல்லயே சொல்லிடறேன். 3,499 ரூபாய். போட்டோ கணக்கு தனி.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட மைக்ரோசாஃப்ட் கைவிரிச்சதுல இருந்தே வீட்டு கம்ப்யூட்டர்ல 11 போடணும்னு தள்ளிப்போட்டுட்டு இருந்தேன். இருக்கறதுக்கு மேலயே ஏத்தியிருக்கலாம். சுத்தமா பார்மட் போட்டு ஏத்தினா வேகமா ஓடும்னு எனக்கு ஒரு ஆசை. அதுதான் வினை.

பார்மட் போட்டா உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சிடும், அதனால போட்டோ எல்லாத்தையும் முதல்ல வேற இடத்துல எடுத்து வைக்கணும். மொத்தம் 410 ஜிபி. கிளவுட்ல, அதாவது இணையத்துலயே சேமிச்சு வைக்க, கூகுள்ல இலவசமாத் தர்றது 15 ஜிபிதான். மாசாமாசம் கிளவுடுக்கு யார் கட்டறதுன்னு அதை விட்டுட்டேன். பக்கத்துத் தெரு கம்ப்யூட்டர் கடை அண்ணன் 1 டிபி (ஆயிரம் ஜிபி) ஹார்டு டிஸ்க்குக்கு 5,800 சொன்னார். "என்னண்ணே கொள்ளையா இருக்கு"ன்னு அவர் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டு வந்தேன். அன்னைக்கு ராத்திரியே ஒரு பெரிய ஆன்லைன் தளத்துல 4 டிபி எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்கை விட வேகமான டிரைவ்), 3,499 ரூபாய். 4.3 ஸ்டார். ரிவ்யூ எல்லாம் "பார்சல் சீக்கிரம் வந்தது", "கலர் சூப்பர்". இப்போ யோசிச்சா, அதுல ஒருத்தர்கூட அதை முழுசா நிரப்பிப் பாத்தேன்னு எழுதலை.

வந்துச்சு. உலோக உடம்பு, கையில ஜில்லுன்னு, நல்ல கனம். செருகினேன், 3.99 டிபி காட்டுச்சு. (விண்டோஸ் எண்ணற கணக்கு வேற, அதனால நிஜமான 4 டிபி டிரைவ் அதுல 3.63-ன்னுதான் காட்டும். இது எனக்கு முன்னாடியே தெரியும்ங்கறதுதான் வயித்தெரிச்சல்.) ராத்திரி பத்து மணிக்கு காப்பி போட்டேன், விடிகாலை அஞ்சுக்கு மேல முடிஞ்சுது. எஸ்எஸ்டிக்கு இவ்வளவு நேரமான்னு அப்பவும் தோணலை. ஒரு எரர்கூட வரலை. 2013 ஃபோல்டரைத் திறந்தேன். பாப்பா காதுகுத்து, மாமா மடியில அழுதுட்டு இருக்கா, பளிச்சுன்னு வருது.

"எல்லாத்தையும் பாத்துட்டீங்களா?"ன்னு வீட்டம்மா கேட்டா. "பாத்தாச்சு"ன்னேன். பாத்தது ஆறு போட்டோ. பார்மட் போட்டேன்.

ஒன்பதாம் நாள், 2019-ல திருக்கடையூர்ல நடந்த அப்பா அறுபதாம் கல்யாணப் படம் ஒண்ணு வேணும்னு பொண்ணு கேட்டா. திறந்தா சாம்பல் கலர் கட்டம் கட்டமா நிக்குது. பேர் இருக்கு, படம் இல்லை. அடுத்த நாலு ஃபோல்டர் சுத்தமா காலி.

அதே கடை அண்ணன்கிட்டதான் போனேன், வேற யாரு இருக்கா. ஒண்ணும் குத்திக்காட்டாம ஸ்க்ரூ டிரைவர் வெச்சு நெம்பினார். உள்ள ஒரு சின்ன பச்சை போர்டு, அதுல நம்ம போன்ல போடற 64 ஜிபி மெமரி கார்டு, மேல ஒரு கட்டிப் பசை. பக்கத்துல கனத்துக்கு ஒரு இரும்புத் துண்டு. அவ்வளவுதான் என் 4 டிபி. "நான் 4 டிபி"ன்னு கம்ப்யூட்டர்கிட்ட பொய் சொல்ற மாதிரி அதுக்குள்ள எழுதி வெச்சிருக்காங்களாம். முதல்ல போன 59 ஜிபி வரைக்கும் நிஜம். அதுக்கு மேல எவ்வளவு அனுப்பினாலும் வாங்கிக்கற மாதிரி நடிச்சுட்டுக் கீழ கொட்டிடுது. பழைய டிஸ்க்குல இருந்து மீட்கலாமான்னு கேட்டேன். அதுவும் எஸ்எஸ்டி. பார்மட் போட்டதும் டிரிம்னு ஒரு கட்டளை போய் உள்ள இருக்கறதைத் துடைச்சிடும், ஒண்ணும் தேறாதுன்னுட்டார்.

சரி, காசாவது வரட்டும்னு தளத்துல புகார் போட்டேன். "7 நாள் மாற்றுக் காலம் முடிந்துவிட்டது." சாட்ல மூணு பேர் மாறினாங்க, மூணு பேரும் ஆர்டர் நம்பரை முதல்ல இருந்து கேட்டாங்க. விற்பனையாளர் ஸ்க்ரீன்ஷாட் கேட்டார், அனுப்பினேன். வந்த பதில்: "நீங்கள் அனுப்பிய படத்தில் 4 டிபி சரியாகவே காட்டுகிறது. பொருளில் குறை இல்லை." மோசடியையே அதுக்குச் சாட்சியா வெச்சுட்டாங்க! உடைச்சுப் பாத்த போட்டோவை அனுப்பினா, "நீங்களே திறந்ததால் வாரண்டி செல்லாது." 3,499 ரூபாய் அதோட முடிஞ்சுது அவங்களுக்கு.

இ-காமர்ஸ் விதிகள் 2020 படி புகார் வந்து 48 மணி நேரத்துக்குள்ள குறைதீர்ப்பு அதிகாரி பெற்றுக்கொண்டதாச் சொல்லணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். எனக்கு அஞ்சு நாளாச்சு, சத்தமே இல்லை. 1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்தான், கூப்பிட்டுப் பதிஞ்சிருக்கேன்.

எப்படி பேக்கப் எடுக்கறதுன்னு விரிவா எழுதத்தான் உக்காந்தேன், கோவத்துல வரமாட்டேங்குது. சுருக்கமா. புது டிரைவ் எதுவா இருந்தாலும் எச்2டெஸ்ட்டபிள்யூன்னு (H2testw) இலவச மென்பொருள் இருக்கு, டிரைவ் முழுக்க எழுதித் திரும்பப் படிச்சுப் பாக்கும். மாற்றுக் காலம் முடியறதுக்குள்ள அதை ஓட்டிடுங்க. காப்பி ஆனதும் கடைசியாப் போன ஃபோல்டரைத் திறங்க, முதல்ல போனதை இல்லை. ஒரே காப்பியை நம்பி மூலத்தை அழிக்காதீங்க. கிளவுட்ல சிங்க் பண்ணி வெச்சா போதும்னும் இருக்காதீங்க, இங்க அழிச்சா அங்கயும் போயிடும். 3,499-க்கு 4 டிபி யாரும் தரமாட்டான், அதையும் சேத்துக்கோங்க.

அக்கா இப்பத்தான் போன் பண்ணினா. கல்யாணப் படத்துல கொஞ்சம் அவ பென் டிரைவ்ல இருக்காம். ஸ்டுடியோக்காரரும் பழைய டிவிடி பெட்டியைத் தேடிப் பாக்கறேன்னு சொல்லியிருக்கார். சாயங்காலம் போகணும்.