கரோலைட் என்று காட்டி ஈயக் கல்லை அனுப்பி 18,500 ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள். கல் வாங்குபவர்கள் கவனம்!

கனிமக் கல் சேர்ப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். 18,500 ரூபாய் போய்விட்டது. படிகம், பழங்காசு எல்லாம் செல்போன் செயலி வழியாக விற்கிற ஒரு கடை. புகார் கொடுக்கப் போவதால் பெயரைப் போடவில்லை.

நான் கேட்டது கரோலைட். செம்பு, கோபால்ட், கந்தகம் மூன்றும் சேர்ந்த கனிமம், எடையில் 38 சதவீதம் கோபால்ட். சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிற காரைக்குடியில் வளர்ந்தவனுக்கு பேட்டரி, கோபால்ட் என்றால் தனி ஆசை. 1852-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில், கரோல் என்கிற மாவட்டத்தில் கிடைத்ததால் அந்தப் பெயர். ஆனால் பேர்போன படிகங்கள் காங்கோவின் கடாங்கா பகுதிச் சுரங்கங்களிலிருந்து வருபவை. கால்சைட் என்கிற வெள்ளைச் சுண்ணாம்புக் கனிமத்தில் பதிந்து, எட்டு முகத்தோடு, கண்ணாடிபோலப் பளபளக்கும். முகம் திருத்தமாக அமைந்த கல் கிடைப்பது அபூர்வம், அதனால்தான் இந்த விலை.

வீடியோ காலில் கடைக்காரன் காட்டியது அசல் கல். ஒரு முனையில் சின்ன உடைவு, வளைவாக இருந்தது. கரோலைட் அப்படித்தான் உடையும். "அண்ணே, நானும் பள்ளத்தூர்க்காரன்தான். பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் மேல சத்தியமா இதே கல்லுதான் வரும்" என்றான். பிள்ளையார் மேல் சத்தியம் பண்ணினவனிடம் நம்ம பக்கத்து ஆள் யார் மறுபேச்சு பேசுவார்? மொத்தப் பணத்தையும் அப்போதே அனுப்பினேன்.

பார்சலை முகப்பிலேயே வைத்துப் பிரித்தேன். கால்சைட் அசல்தான். அதில் குழி தோண்டி, பசை போட்டு வேறொரு படிகத்தை ஒட்டியிருந்தான். விரல் பட்டதும் ஆடிக் கையோடு வந்துவிட்டது, அடியில் மஞ்சளாகக் காய்ந்த பசை. உடைந்த ஓரம் சதுரம் சதுரமாகப் படிக்கட்டு கட்டியிருந்தது. அதைப் பார்த்ததுமே வயிறு எரிந்தது.

நகைப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். ஆசாரி பசையைச் சுரண்டிவிட்டுத் தராசில் வைத்தார்: 12 கிராம். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் 10.4. குறைந்தது 1.6. பன்னிரண்டை அதால் வகுத்தால் 7.5 வருகிறது, அதாவது கல் தண்ணீரைப்போல 7.5 மடங்கு கனம். கரோலைட்டுக்கு 4.5 முதல் 4.8 வரைதான் வர வேண்டும். 7.5 என்றால் கலீனா, ஈய சல்பைடு, உலகம் முழுக்க மலிவாகக் கிடைக்கிற ஈயத் தாது. செப்புக் கம்பியால் இழுத்தேன், கோடு விழுந்தது. கரோலைட்டில் செம்பு கீறாது.

போன் போட்டேன். முதலில் "கூரியர்ல மாறியிருக்கும்ணே" என்றான். கூரியர்காரர் பசை போட்டு ஒட்டுவாரா? அப்புறம் "இயற்கைப் பொருள், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்." அதற்கும் அசையவில்லை என்றதும் "லேப் ரிப்போர்ட் கொண்டு வாங்க" என்று குரல் மாறியது, 'அண்ணே' காணாமல் போனது. மறுநாள் என் எண்ணையே முடக்கிவிட்டான். செயலியின் உதவிப் பிரிவோ, "விற்பவரிடம் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்ற ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. 18,500 ரூபாய், சாமி! பிள்ளையார் பேரைச் சொல்லி வாங்கிய பணம்!

எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு நிலையில் இல்லை. அவசரத்துக்கு இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் நிறுத்துக் காட்டாமல் பணம் அனுப்பாதீர்கள். ஓட்டில் தேய்த்துக் கோடு பார்ப்பதை நம்ப வேண்டாம், கரோலைட், கலீனா இரண்டுமே சாம்பல் கலந்துதான் விழும். பார்சல் பிரிப்பதை முழுக்க வீடியோ எடுங்கள். கலீனா வந்துவிட்டால் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், ஈயம், தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பணம் போனது தெரிந்த உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், தாமதித்தால் பணத்தை நிறுத்திவைப்பது கஷ்டம். நுகர்வோர் புகாருக்கு 1915. கால்சைட்டில் ஒட்டிய கல் வேறு யாருக்காவது வந்திருந்தால் சொல்லுங்கள், புகாரைச் சேர்ந்தே கொடுப்போம்.