ஐந்து ஆண்டுகளில் மிஞ்சிய 31 பாட்டுகள்

குழந்தைப் பாட்டு என்று கடையிலும் கைப்பேசியிலும் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை குழந்தையை மட்டுமே மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அதே கூடத்தில் உட்கார்ந்து அதே பாட்டை நாற்பதாவது முறையாகக் கேட்கப்போகிற மற்றவர்களைப் பற்றி எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. 2020ஆம் ஆண்டு ஊரடங்கில், திருவாரூர்க் கமலாலயக் குளத்துக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டில், மாமனார், மாமியார், கணவர், நான்கு வயது மகள், கைக்குழந்தையாக இருந்த மகன், நான் என ஆறு பேரும் ஒரே கூடத்தில் அடைந்து கிடந்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. மகளுக்குப் பிடித்த பாட்டு நாள் முழுவதும் ஓடும். மாமனார் மூன்றாம் முறை வரை பொறுத்துக்கொள்வார். நான்காம் முறை தொடங்கும்போது ஊஞ்சலை விட்டு எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். ஒரு பாட்டு வீட்டில் நிலைக்குமா என்பதை அறிய, அவர் எழுந்து போகிறாரா என்று பார்ப்பதைவிட நம்பகமான அளவுகோல் இன்றுவரை எனக்கு அகப்படவில்லை.

நாட்டுப்புற மெட்டும் மேற்கத்திய இசைக்குழுவும், கர்நாடக இசையும் ஜாஸும், தாளத்தை வாயால் சொல்லும் சொற்கட்டும் ராப்பும் என்று ஒன்றுக்கு மேற்பட்ட இசை வகைகளைக் கலந்து சிறுவர்களுக்காகச் செய்த பாட்டுகளில் இருநூறுக்கும் மேற்பட்டவற்றை இந்த ஐந்து ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் நாங்கள் கேட்டுவிட்டோம். பெண்டிரைவில் இப்போது மிஞ்சியிருப்பவை 31.

தொடக்கத்தில், பணம் கட்டிக் கேட்கும் ஒரு செயலியை வைத்திருந்தோம். அது பாட்டுகளைக் குழந்தையின் வயதுப்படி பிரித்து வைத்திருந்தது. குடும்பமாகக் கேட்க நினைப்பவர்களுக்கு அந்தப் பிரிவே இடைஞ்சல், ஏனெனில் மூன்று வயதுக்கு உரியது என்று ஒதுக்கிய பெட்டிக்குள் அறுபது வயதுக்காரர் காது கொடுக்கும்படியான எதுவும் இராது. நிறுத்தச் சொன்ன பிறகும் மறு ஆண்டுக்கான சந்தாவை வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அதைத் திரும்பப் பெற ஒரு மாதம் மன்றாடிய பின்னர், இறக்கி வைத்துக்கொள்ளக்கூடிய பாட்டுகளை மட்டும் காசு கொடுத்து வாங்கிப் பெண்டிரைவில் போடும் பழக்கத்துக்கு வந்துவிட்டேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இணையம் படுத்துவிட்டாலும் பாட்டு நிற்பதில்லை. ஒன்று முடிந்ததும் சம்பந்தமே இல்லாத இன்னொன்று தானாகத் தொடங்கும் தொல்லையும் ஒழிந்தது.

கேட்கும் கருவியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதலில் வாங்கியது உள்ளங்கையில் அடங்கும் புளூடூத் ஸ்பீக்கர். நாகசுரமும் தவிலும் மேற்கத்திய டிரம்ஸும் சேர்ந்து வரும் ஒரு பாட்டை அதில் போட்டபோது மாமனார், "வலந்தலை மட்டுந்தான் பேசுது, தொப்பி எங்கம்மா போச்சு?" என்றார். தவிலின் வலந்தலையில் விரல் கூடுகள் எழுப்பும் கூரிய ஒலி சிறிய ஸ்பீக்கரிலும் பழுதில்லாமல் வந்துவிடும். இடப்பக்கத் தொப்பியில் கழி விழும்போது எழும் கனத்த ஒலி அதில் ஏறவே ஏறாது. டிரம்ஸின் பெரிய முரசுக்கும் அதே கதிதான். இந்த இரண்டு தோல்களும் ஒன்றையொன்று கேட்டு விட்டுக்கொடுத்து வாசித்த இடங்களெல்லாம் காணாமல் போய், வெறும் படபடப்பு மட்டும் மிஞ்சியதால், நல்ல பாட்டையே நாங்கள் மட்டமானது என்று தள்ளியிருந்தோம். மரப்பெட்டியில் அடைத்த பெரிய ஸ்பீக்கர் வந்தபின், கழித்துக்கட்டியவற்றில் நான்கு பாட்டுகள் திரும்பி வந்தன.

மிஞ்சியவற்றுள் மிக நீண்ட காலம் நிலைத்தவை இக்காலத்தவர் எவரும் செய்தவை அல்ல. 1775இல் எங்கள் ஊரில் பிறந்த கர்நாடக இசை மேதை முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்கள் அவை. அவருடைய குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் தங்கியிருந்த காலத்தில், சென்னைக் கோட்டையில் பாண்டு வாசிக்கக் கேட்ட ஐரோப்பிய மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், அமைத்ததாகச் சொல்வார்கள். சங்கராபரண ராகத்தின் சுரங்களில், சுரத்தை அசைத்துப் பாடும் கமகமே இல்லாமல் நேர்ச்சுரங்களாக அவை நடப்பதால், ஐந்து வயதுக் குழந்தையின் தொண்டைக்கும் சிரமமில்லாமல் வந்துவிடும். சிறுவர் குழுவொன்று வயலின், கிதார், கஞ்சிரா ஆகியவற்றுடன் பாடிய பதிவு எங்களிடம் இருக்கிறது. மகளின் பாட்டாசிரியையும் அவற்றில் மூன்றைச் சொல்லிக்கொடுத்தார்.

என் மாமியாருக்குக் கச்சேரி இசையில் ஈடுபாடு கிடையாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் நடவுப் பாட்டும் கும்மியும் தாலாட்டும்தான். ஒரு நாள் மாலை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், இந்தப் பதிவு ஓடும்போது தம்மை அறியாமலே முழங்காலில் தட்டத் தொடங்கினார். தட்டிய கை சற்று நேரத்தில் கும்மி அடித்தது. "இது கும்மிதானே" என்றார், பெரிய கண்டுபிடிப்பு எதையும் சொல்லிவிட்ட பாவனை இல்லாமல். அவர் சொன்னது சரிதான். எங்கள் பதிவில் உள்ள சாகித்தியங்கள் பெரும்பாலும் தகிட, தகிட என்று மூன்று மூன்றாக நடக்கும் திஸ்ரத்தில் அமைந்தவை. கும்மியின் நடையும் அதுவே. வடமொழிச் சொல்லும் ஐரோப்பிய மெட்டும் அவருக்கு அந்நியமாகவே இருந்தன என்றாலும், கால் அறிந்த நடை அவரை உள்ளே இழுத்துக்கொண்டது. அன்றைக்குப் பின் புதிய பாட்டு எதையும் வாங்குவதற்கு முன் நான் அதன் நடையைத் தட்டிப் பார்க்கிறேன்.

2023 மே 6 அன்று பிரிட்டன் மன்னர் சார்லஸின் முடிசூட்டு விழா தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்நாட்டின் வாழ்த்துப்பாட்டு எழுந்ததும், சமையலறையிலிருந்து தயிர்சோற்றுக் கையோடு மகள் ஓடி வந்து, "அப்பாயி, நம்ம பாட்டை இவங்க பாடுறாங்க!" என்று கூவினாள். 'சந்ததம் பாஹிமாம்' என்று அவள் வகுப்பில் பாடுவது அந்த மெட்டில்தான். அவர்களிடமிருந்துதான் நம்மவர் எடுத்தார் என்று தாத்தா எவ்வளவு எடுத்துச் சொல்லியும் அவள் இன்றுவரை முழுமையாக ஒப்புக்கொள்ளவில்லை. தஞ்சை அரண்மனையில் மன்னர் இரண்டாம் சரபோஜியின் காலத்திலேயே மேற்கத்திய வாத்தியங்கள் முழங்கியிருக்கின்றன. வயலினைக் கர்நாடக இசைக்குப் பழக்கியவர்களில் தீட்சிதரின் தம்பி பாலுசுவாமியும் இசையிலும் நாட்டியத்திலும் பெயர்பெற்ற சகோதரர்களான தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் முக்கியமானவர்கள். ஆகவே, 'முதன்முறையாகக் கிழக்கும் மேற்கும் கலந்த இசை' என்று எந்த விளம்பரமாவது சொன்னால் எங்கள் வீட்டில் சிரிப்புதான் வரும்.

கழிந்துபோனவற்றின் குறைகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. தப்பு என்னும் பறையின் இரண்டு சுற்றை ஒலிப்பதிவு செய்து, அதையே கணினியில் மூன்று நிமிடத்துக்கு நீட்டி, மேலே கீபோர்டைத் தெளித்துவிட்டுக் கிராமிய இசை என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள். எங்கள் பக்கத்துத் தப்பு அடிப்பவர் ஒரே அடியை அத்தனை நேரம் அடித்தால், ஆடுபவர்களே நிறுத்திவிட்டு என்னவென்று கேட்பார்கள். இன்னொரு குறை மொழியைப் பற்றியது. வேற்றுமொழி மெட்டுக்குத் தமிழை அடைக்கும்போது, நீண்டு நிற்கும் சுரத்தின் கீழ்க் குறில் வந்து மாட்டிக்கொள்கிறது. அப்படி ஒரு பாட்டில் 'மழை' என்பது 'மாழை' ஆகியிருந்தது. முதல் வகுப்பில் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்த மகள் ஏட்டிலும் 'மாழை' என்றே எழுதி வைத்திருந்ததைக் கண்டபிறகு, அந்தத் தொகுப்பை முழுவதுமாக நீக்கிவிட்டேன். பெரியவர் ஒருவர் குழந்தைக் குரலில் கொஞ்சிப் பாடுவதை எங்கள் வீட்டில் எந்த வயதினரும் பொறுத்துக்கொள்ளவில்லை, குழந்தைகள் உட்பட.

பாட்டாக இல்லாவிட்டாலும் நிலைத்துவிட்ட ஒன்று, ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியேவ் 1936இல் சிறுவர்களுக்காக எழுதிய 'பீட்டரும் ஓநாயும்'. அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வாத்தியம் உண்டு: பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், தாத்தாவுக்குப் பாசூன், ஓநாய்க்கு மூன்று ஹார்ன்கள். தமிழில் கதை சொல்லும் பதிவு எங்களுக்குக் கிடைக்காததால், என் கணவரே ஒலியைக் குறைத்துக் குறைத்து இடையிடையே கதை சொன்னார். வாத்து வந்ததும் மாமனார் ஊஞ்சலை நிறுத்தினார். "இது சீவாளி வச்ச வாத்தியம்" என்றார். ஓபோவும் நாகசுரத்தைப் போலவே இரட்டை நாணல் வைத்து ஊதப்படுவது, பாசூனும் அப்படியே. ஏ.கே.சி. நடராஜனின் கிளாரினெட்டைக் கேட்டு வளர்ந்தவர் என்பதால் பூனையை அவர் உடனே கண்டுகொண்டார்.

ஓநாய் வாத்தை விழுங்கும் இடத்தில் மகன் அழுதுவிட்டான். கதையின் முடிவில், ஓநாயின் வயிற்றுக்குள்ளிருந்து வாத்தின் குரல் கேட்கிறது என்று ஓபோ மெல்ல ஒலிக்கும். "சீவாளிச் சத்தம் கேக்குதா? அப்ப வாத்து உசுரோடதான் இருக்கு" என்று தாத்தா தேற்றினார். அதன்பின் பல மாதங்கள், அந்தச் சத்தம் வரும்வரை எவரும் ஸ்பீக்கரை நிறுத்தக் கூடாது என்பது வீட்டில் சட்டமாக இருந்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகும் அவர் "அந்த வாத்தைப் போடும்மா" என்று கேட்டதுண்டு.

சேர்ந்து பாடுவதற்கு மோகன ராகத்தின் ஐந்து சுரங்களில் அமைந்த பாட்டுகள் ஏற்றவை. சீன நாட்டுப்புறப் பாட்டுகளிலும் ஸ்காட்லாந்துப் பாட்டுகளிலும் இதே ஐந்து சுரங்களைக் கேட்கலாம் என்பதால், கலப்பதிலும் உறுத்தல் தெரிவதில்லை. சுருதிதான் சிக்கல்: பெண்குரலுக்கு வைத்த ஐந்து கட்டையில் மாமனாரால் பாட முடியாது, அவருக்குத் தோதான ஒன்றரைக் கட்டைக்குக் குழந்தைகள் இறங்க முடியாது. மேலும் கீழும் அதிகம் அலையாத மெட்டுகளை இடைப்பட்ட சுருதியில் பாடிய பதிவுகளே இந்த வகையில் எங்களிடம் தங்கின.

தூங்கவைப்பதற்கு இவற்றுள் ஒன்றும் உதவாது. கிதாரும் பியானோவும் சேர்த்த தாலாட்டுகள் நான்கைந்தை முயன்று பார்த்தோம். மாமியார் 'ஆராரோ' என்று இழுத்தால் ஐந்து நிமிடத்தில் உறங்கும் பிள்ளை, அவற்றைக் கேட்டு எழுந்து உட்கார்ந்துகொண்டான். அத்துடன் அந்த முயற்சி முடிந்தது.

மகளுக்கு இப்போது பத்து வயது நெருங்குகிறது. குழந்தைப் பாட்டு என்ற சொல்லே அவளுக்குப் பிடிப்பதில்லை. இயர்போனில் திரைப்பாட்டு கேட்க விரும்புகிறாள். இயர்போனுக்கு நான் கடிவாளம் போட்டிருக்கிறேன். குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரம் கேட்பதாயின் ஒலியளவு 75 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கைப்பேசியின் அமைப்பிலேயே உச்சவரம்பு வைத்துவிடலாம் என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை.

மகனுக்கு மெட்டே தேவையில்லை. தாளம் இருந்தால் போதும். மிருதங்கச் சொற்கட்டையும் ராப்பையும் மாற்றி மாற்றிச் சொல்லும் ஒரு பாட்டுதான் இரண்டு ஆண்டுகளாக அவனுடைய உயிர். தகிட மூன்று, தகதிமி நான்கு, இரண்டும் சேர்ந்தால் ஏழு என்று கூட்டலை அவன் கற்றது அதிலிருந்துதான். தியாகராசர் கோயிலில் பஞ்சமுக வாத்தியம் என்னும் ஐந்து முக முரசைப் பார்த்துவிட்டு வந்த நாள் முதல், ஐந்து முகத்துக்கு ஐந்து அடி வரும் பாட்டு வேண்டும் என்று நிற்கிறான். தகதகிட என்று நடக்கும் கண்ட நடையில், அவன் வயதுக்கேற்ற சொற்களோடு ஒரு கலப்பிசைப் பாட்டும் இதுவரை எனக்குக் கிடைக்கவில்லை. நான்கு அடிக்கு எழுதிவிட்டு ஐந்தாவதை இழுத்து ஒட்டியவை மட்டும் இரண்டு கிடைத்தன. அதுவரை, தாத்தா ஊஞ்சல் பலகையில் ஐந்தைத் தட்ட, அவன் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் வாளியில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான்; மாமியார்தான் இப்போதெல்லாம் எழுந்து திண்ணைக்குப் போகிறார்.