தங்க நிறத்தைப் பார்த்து கட்டிங் பிளாக்கைக் கொடுத்துவிடாதீர்கள்

பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எலும்பு ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்க்கும் நம் ஆட்களுக்காக எழுதுகிறேன். முழங்கால் மூட்டு மாற்று செட்டில் வரும் கட்டிங் பிளாக்குகளை (எலும்பைச் சரியான கோணத்தில் வெட்ட ரம்பத்துக்கு வழிகாட்டும் உலோகக் கட்டைகள்) புதுசாக்கித் தருவதாகச் சொல்லி, வாளையாறு தாண்டி ஒருவர் வருகிறார். எங்கள் பர்ச்சேஸ் பிரிவு அவரை நம்பி ஒரு செட்டையே கொடுத்தது. அந்த பிளாக்குகள் இனி காயலான் கடைக்குத்தான்.

பிளாக்கின் ஒடுக்கமான ஸ்லாட்டுக்குள், அதாவது பிளவுக்குள், ஸா பிளேடு (ரம்பத் தகடு) நிமிடத்துக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல் ஆடுகிறது. எஃகோடு எஃகு உரசினால் தேய்மானம் வராமல் என்ன செய்யும்? கேஸ் முடிந்து ஸ்லாட்டைத் துடைத்தால் காஸ் துணியில் கருஞ்சாம்பல் நிறத்தில் பிசுக்கு ஒட்டும். அது இரும்புத் தூள். கொஞ்சம் காயத்துக்குள்ளும் போகும். சூடு இன்னொரு தொல்லை. எலும்பு 47 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தாலே அங்குள்ள செல்கள் செத்துப்போகும். வெட்டும்போது சலைன் ஊற்றுவது அதற்காகத்தான்.

சரி, ஸ்லாட்டை அகலமாக்கிவிட்டால் உரசாதே என்றால், பிளேடு சாய ஆரம்பிக்கும். 12 மில்லிமீட்டர் ஆழமுள்ள ஸ்லாட்டில் 0.3 மில்லி ஆட்டம் இருந்தால் வெட்டு ஏறக்குறைய ஒன்றரை டிகிரி சாயலாம். காலின் அச்சு மொத்தத்தில் மூன்று டிகிரிக்குள் நிற்க வேண்டும் என்று டாக்டர்கள் பார்க்கிறார்கள். அதில் பாதியை ஸ்லாட்டே தின்றுவிடும்.

வந்தவர் சொன்னது: "டைட்டானியம் நைட்ரைடு கோட்டிங் சார். பிளேடு வெண்ணெயில போற மாதிரி போகும். தேஞ்ச இடமெல்லாம் ஃபில் ஆயிடும்." டைட்டானியம் நைட்ரைடு நல்ல சரக்குதான், தங்க நிறமும் அதன் நிறம்தான். ஆனால் வெற்றிட அறையில் வைத்து ஏற்றும் அந்தப் பூச்சின் தடிமன் சில மைக்ரான்தான். ஸ்லாட் தேய்ந்திருப்பதோ நூறு மைக்ரான் கணக்கில். எதை வைத்து எதை நிரப்புவது? புது பிளாக்கில் முதலிலேயே ஏற்றினால் தேய்மானத்தைக் குறைக்கும். தேய்ந்ததை அது மீட்காது.

செட் பளபளவென்று திரும்பி வந்தது. அனுப்பும் முன் பிளேடைச் செருகி ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து ஆட்டத்தை அளந்து ரெஜிஸ்டரில் எழுதியிருந்தேன்: 0.15 மில்லி. வந்த பிறகு 0.3 மில்லி இதழ் தடையில்லாமல் இறங்கியது. பூச்சு பிடிக்க வேண்டும் என்று ஸ்லாட்டுக்குள் எமரி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். விளிம்பெல்லாம் மழுங்கிப்போயிருந்தது. நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் சில சுற்று போனதும் அந்த விளிம்பிலிருந்தே தங்கம் செதிலாக உரிய ஆரம்பித்தது. வெள்ளைத் துணியில் மினுமினுவென்று பொடி. நல்லவேளை, நோயாளி டேபிளுக்குப் போகுமுன் டாக்டரிடம் காட்டி செட்டை ஒதுக்கிவிட்டோம்.

போன் போட்டால் முதலில் உங்கள் பிளேடு மட்டம் என்றார். அப்புறம் 134 டிகிரியில் வைத்தால் உரியத்தான் செய்யும் என்றார். ஆபரேஷன் சாமானை ஆட்டோகிளேவில் வைக்காமல் பூஜை அறையிலா வைப்பார்கள்? பில்லை எடுத்துப் பார்த்தால் "பாலிஷிங் சார்ஜ்" என்று மட்டும் இருக்கிறது. கோட்டிங் என்ற பேச்சே இல்லை. இப்போது போனையும் எடுப்பதில்லை.

யாராவது இதே பேச்சோடு வந்தால் என்ன பூச்சு, எத்தனை மைக்ரான், எங்கே ஏற்றியது என்று பில்லிலேயே எழுதிக் கேளுங்கள். ஒட்டுதிறன் சோதனைச் சான்றும் கேளுங்கள். ஸ்லாட் அளவை அவர் முன்னாலேயே எடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். ஸ்லாட் ஏற்கெனவே தேய்ந்திருந்தால் செட் தயாரித்த கம்பெனியிடம் பிளாக்கை மாற்றித் தரச் சொல்லுங்கள், லோக்கலில் எவரிடமும் கொடுக்க வேண்டாம். கம்பெனி சொன்ன தடிமனில் புது பிளேடு போட்டு, வளைத்து அழுத்தாமல் வெட்டினாலே உரசல் குறையும். ஆள் இப்போது பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் சுற்றுவதாகக் கேள்வி. அங்கே இருப்பவர்கள் உங்கள் பர்ச்சேஸ் ஆட்களிடம் இன்றே சொல்லிவையுங்கள்.