புதுப்பித்த டிரான்சமில் அவுட்போர்டு மோட்டார்: சில வருஷ ஓட்டத்துக்குப் பிறகு

படகின் பின்சுவரான டிரான்சமைப் பிரித்துப் புதிதாகக் கட்டி, அதன் வெளிப்புறம் தொங்கும் அவுட்போர்டு மோட்டாரை ஏற்றிவிட்டால் முதல் வருஷம் எந்தக் குறையும் தெரியாது. வேலையின் லட்சணம் வெளியே வருவது இரண்டாம், மூன்றாம் வருஷத்தில்தான். அப்போது பிரித்துப் பார்த்தால் பலகை முறிந்து கெட்டிருப்பது அபூர்வம். மோட்டாருக்காகப் போட்ட நாலு ஓட்டை வழியாகவும் மேல்விளிம்பு வழியாகவும் தண்ணீர் இறங்கித்தான் கெட்டிருக்கும். பலகை ஒட்டுவதில் காட்டும் அக்கறையில் பாதியை ஓட்டைகளுக்குக் கொடுத்தாலே போதும்.

இங்கே பேசுவது நடுத்தர அளவு அமைப்பு. 18 மிமீ மரைன் பிளைவுட் இரண்டு தாள், எப்பாக்ஸி என்ற இரண்டு பாகப் பசையில் ஒன்றோடொன்று ஒட்டி, வெளியே பழைய ஃபைபர் தோல், உள்ளே புதிதாகப் போட்ட பயாக்சியல் துணி (இரண்டு திசையில் இழை ஓடும் கண்ணாடியிழைத் துணி). மொத்தக் கனம் 44, 45 மிமீ வரும். மோட்டார் 100 கிலோ பக்கம், நாலு போல்டில் உட்காரும் வகை. மோட்டார் ஏற்றும் முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்: நாலு போல்ட் வரும் இடத்திலும் கனம் ஒன்றாக இருக்கிறதா? உள்பக்கத் துணி ஒரு மூலையில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி இரண்டு மிமீ தடித்திருந்தால், வாஷர் ஒரு ஓரத்தில் மட்டும் உட்காரும். எவ்வளவு முறுக்கினாலும் அந்தப் போல்ட் தளரும். மேட்டைத் தேய்த்துச் சமமாக்குவது அரை மணி நேர வேலை.

உயரக் கணக்கில் பலர் சறுக்குகிறார்கள். ஷாஃப்ட் நீளம் 15, 20, 25 இஞ்ச் என்று வரும். டிரான்சம் உயரமும் அதோடு ஒத்துப்போக வேண்டும். புதிதாகக் கட்டும்போது மேல்விளிம்பில் துணியும் கட்டையும் சேர்ந்து 10, 20 மிமீ உயர்ந்துவிடும். பழைய ஓட்டை அளவையே நம்பிப் போட்டால் மோட்டாரும் அதே அளவு மேலே ஏறும். நடுக்கோட்டில் மேல்விளிம்பிலிருந்து அடி வரை புதிதாக அளந்துகொள்ளுங்கள். புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டைத் தகடு படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ, ஒரு இஞ்சுக்குள் கூடக்குறையவோ இருக்கலாம். அதற்கும் மேலே போனால் திருப்பத்தில் புரொப்பெல்லர் காற்றைப் பிடித்து எஞ்சின் வீணாக அலறும், தண்ணீர் உறிஞ்சும் வாயும் வெளியே வந்து சூடேறும். கீழே போனால் ஸ்டியரிங் கனக்கும், பின்னால் தண்ணீர் சீறியடிக்கும். பெரிய மோட்டார்களை டிரான்சமோடு பிடிக்கும் பிராக்கெட்டில் மேல் ஓட்டைகள் முக்கால் இஞ்ச் இடைவெளியில் வரிசையாக இருக்கும். மேலிருந்து இரண்டாவது ஓட்டையில் தொடங்கினால் பிறகு ஏற்றவும் இறக்கவும் இடம் கிடைக்கும்.

இனி ஓட்டை. பொது அளவுப்படி மேல் இரண்டுக்கும் இடையே 12⅞ இஞ்ச், கீழ் இரண்டுக்கும் இடையே 9⅞ இஞ்ச், போல்ட் அரை இஞ்ச். ஆனாலும் மோட்டாரோடு வரும் தாள் அச்சையே நம்புங்கள். நேராக 13 மிமீ டிரில்லை விட்டுப் போல்டைச் செருகுவதுதான் வழக்கமான தப்பு. அப்படிப் போட்டால் ஓட்டைச் சுவர் முழுக்கப் பூச்சில்லாத வெறும் மரம். பிளைவுட்டின் வெட்டுமுகம் தண்ணீரைத் திரிபோல் இழுக்கும். கசிவை அடைக்கத் தடவும் சீலன்ட் என்றைக்காவது ஒரு மயிரிழை விட்டால் போதும், அத்தனை அடுக்கும் குடிக்கும்.

சரியான வழி: முதலில் 20 மிமீ ஓட்டை. வெளித்தோல் தெறிக்காமலிருக்க வெளியிலிருந்து தொடங்கி, உள்பக்கம் ஒரு மரத்துண்டை அண்டக் கொடுத்துத் துளையுங்கள். டிரில்லில் வரும் சீவலைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளிறி, உலர்ந்து, சுருண்டு வந்தால் நல்லது. கறுத்து, விரலில் ஒட்டினால் அங்கே ஏற்கெனவே ஈரம் இருக்கிறது. அதை மூடினால் உள்ளேயே அழுகும். பிறகு ஓட்டைச் சுவருக்குக் ஃபில்லர் கலக்காத வெறும் எப்பாக்ஸியை இரண்டு தடவை தடவி ஊறவிடுங்கள். அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே உள்பக்கத்தை டேப்பால் அடைத்து, கெட்டியாக்கும் ஃபில்லர் தூள் கலந்த எப்பாக்ஸியைச் சிரிஞ்சில் அடியிலிருந்து மேல்நோக்கி நிரப்ப வேண்டும். குச்சியில் எடுத்தால் வழியாமல் நிற்கும் பதம். 20 மிமீ ஓட்டை, 45 மிமீ ஆழத்துக்கு ஏறக்குறைய 14 மிலி பிடிக்கும். நாலுக்கும் 57 மிலி, சிந்துவதையும் சேர்த்து 80 மிலி கலந்தால் சரி. எப்பாக்ஸியை இறுகவைக்கும் ஹார்டனரில் வேகமான ரகத்தைப் போட்டு ஒரே மூச்சில் அடைத்தால் மரத்துக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் கொதித்து, நுரைத்து, நடுவில் விரிசல் விடும். மெதுவான ஹார்டனர், இரண்டு தவணை. நன்றாக இறுகிய பிறகு நடுவில் 13 மிமீ துளைத்தால் போல்டைச் சுற்றி மூன்றரை மிமீ எப்பாக்ஸிக் குழாய் நிற்கும். சீலன்ட் தோற்றாலும் மரம் தப்பிக்கும். படகுக்குள் சேரும் தண்ணீரை வெளியேற்றும் டிரெயின் பிளக் ஓட்டைக்கும் இதே வைத்தியம்; அங்கே சோம்பல்பட்டவர்களின் டிரான்சம்தான் அடியிலிருந்து கறுக்கிறது.

ஓட்டையின் வெளிவாயைக் கவுன்டர்சிங்க் என்ற கூம்பு டிரில்லால் லேசாகச் சரித்துவிடுங்கள். போல்டைச் சுற்றி அந்தப் பள்ளத்தில் தங்கும் சீலன்ட்தான் வளையமாக நின்று அடைக்கிறது. தட்டையான பரப்பில் தடவியது முறுக்கும்போது முக்கால்வாசி பிதுங்கிவிடும். சீலன்டில் நிரந்தரமாகப் பிடிக்கும் ரகம் வேண்டாம். மோட்டாரை ஒருநாள் கழற்றியே ஆக வேண்டும். அன்று தோலும் சேர்ந்து பிய்ந்து வரும். நடுத்தரப் பிடிப்புள்ள பாலியூரித்தேன் அல்லது பாலிசல்ஃபைடு போதும். சிலிகான் இந்த வேலைக்கு ஆகாது. ஒருமுறை பட்ட இடத்தில் பிறகு பெயின்டும் ஒட்டாது, வேறு சீலன்டும் ஒட்டாது.

போல்ட் எஸ்எஸ் 316 (துருப்பிடிக்காத எஃகு ரகம்), நைலான் பூட்டு நட். உள்பக்கம் சின்ன வாஷரை மட்டும் வைத்தால் மரத்தை நசுக்கிக்கொண்டு உள்ளே போகும். மேல் ஜோடிக்கு ஒன்று, கீழ் ஜோடிக்கு ஒன்று என்று 6 மிமீ அலுமினியப் பட்டை போட்டால் பாரம் பரவுகிறது. மரையில் பற்றாமல் தடுக்கும் ஆன்டி சீஸ் மசகு தடவாமல் எஸ்எஸ் நட்டை வேகமாக ஓட்டினால் பாதியில் பற்றிக்கொள்ளும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். இம்பாக்ட் துப்பாக்கியைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள். வெளியே போல்ட் தலையை அசையாமல் பிடித்து, உள்ளே நட்டை மட்டும் திருப்ப வேண்டும். தலை சுழன்றால் சீலன்ட் அறுந்துபோகும். முறுக்கு உங்கள் மோட்டார் கையேட்டில் உள்ளபடி. அரை இஞ்ச் போல்டுக்கு 75 நியூட்டன் மீட்டர் என்பது பரவலாகக் காணும் அளவு. அந்த அளவை எட்டாமலே நட் சுற்றிக்கொண்டே போனால் டிரான்சம் நசுங்குகிறது என்று அர்த்தம். அங்கேயே நிறுத்திப் பட்டையைப் பெரிதாக்குங்கள். எப்பாக்ஸி ஒட்டி ஒரு வாரமாவது ஆகாமல் முழுப் பாரத்தையும் ஏற்றாதீர்கள்.

ஓட்டத்தில் தெரிவது இது. முதல் 10 மணி நேரத்துக்குள் நட்கள் கொஞ்சம் தளரும். பெயின்டும் பிதுங்கிய சீலன்டும் அமுங்குவதால் வருவது, பயப்பட ஒன்றுமில்லை. மறுபடி அதே முறுக்கு அளவுக்கு இறுக்கினால் கால் திருப்பத்துக்குள் நிற்கும். 50 மணியிலும் அதே அளவு தளர்ந்தால் உள்ளே ஏதோ நசுங்குகிறது. வருஷத்துக்கு ஒருமுறை, மோட்டாரைக் கழற்றாமல் ஓடும் நிலைக்குச் சாய்த்து இறக்கி, புரொப்பெல்லருக்குக் கீழே நீட்டிநிற்கும் அடி இறக்கையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டி, டிரான்சம் மேல்விளிம்பைப் பாருங்கள். மோட்டாரின் ரப்பர் மவுன்ட் ஆடுவது வேறு, பலகை ஆடுவது வேறு. விளிம்பில் ஒரு விரலையும் பிராக்கெட்டில் ஒரு விரலையும் வைத்தால் வித்தியாசம் புரியும். பலகை அசைந்தால் பக்கச்சுவரோடும், அடியில் நீளவாக்கில் ஓடும் ஸ்ட்ரிங்கர் கட்டைகளோடும் இணைத்த துணி விட்டிருக்கிறது. போல்டை முறுக்கி அதைச் சரிசெய்ய முடியாது. கீழ்ப் போல்டிலிருந்து பழுப்பு நீர் கசிந்தால் அன்றே கழற்றுங்கள். அது மரச்சாறு.

கையால் முறுக்கும் பிடி ஸ்க்ரூ உள்ள சின்ன மோட்டார்களில் அந்த ஸ்க்ரூவை மட்டும் நம்புவது ஆபத்து. அதிர்வில் தானாகவே தளரும். கீழே இரண்டு போல்ட் கட்டாயம், ஸ்க்ரூவின் கிண்ணத்துக்குக் கீழே ஒரு தகடு. இல்லாவிட்டால் ஒரே சீசனில் புதுத் துணியில் வட்ட வட்டமாகக் குழி விழும்.

டிரெய்லரில் இழுக்கும்போது டிரான்சம் படும் பாடு தண்ணீரில் படுவதைவிட மோசம். மோட்டாரைத் தூக்கி வைத்து, அடியில் முட்டுக் கொடுக்காமல் மேடுபள்ளத்தில் ஓட்டினால் அத்தனை கிலோவும் நெம்புகோலாக மேல்போல்டுகளைப் பிடித்து இழுக்கும். முட்டுக்கம்பு ஒன்று இருந்தால் போதும்.

எல்லாம் முடிந்த பிறகு செய்யும் ஒரு சின்ன வேலைதான் பலரைக் கவிழ்க்கிறது: ஆழமானியின் சென்சாருக்கு டிரான்சமில் நேராக இரண்டு மர ஸ்க்ரூ. நாலு பெரிய ஓட்டையையும் அவ்வளவு பார்த்து அடைத்துவிட்டு, நீர்மட்டத்துக்குக் கீழே ஐந்து மிமீ ஓட்டையைப் பச்சையாக விடுவது. வெளியே ஒரு பிளாஸ்டிக் பலகையை ஒட்டி, அதில் மட்டும் ஸ்க்ரூ போடுங்கள்; சென்சாரை எத்தனை தடவை மாற்றினாலும் டிரான்சமைத் தொட வேண்டியதில்லை.